தகரப் பெட்டியின் விலாசம்

‘பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு, அதே கதவில் சாய்ந்து நின்று செருப்பு மாட்டிய அறிவாளி நான். புனேயில், வாகட் பகுதியிலுள்ள எங்கள் ஃப்ளாட்டில் முதுகெல்லாம் வெள்ளையாக நின்றபோது, அந்த வாசனை என்னை விஷ்ராந்த்வாடிக்கு இழுத்துப் போனது.

தொண்ணூறுகளில் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று அங்கே வந்தார். சண்டையெல்லாம் பார்த்தவர். மாற்றல் வரும்போதெல்லாம் தன் கறுப்புத் தகரப் பெட்டியில் பழைய ஊரை அழித்துவிட்டுப் புது ஊரை வெள்ளையில் எழுதுவார். இந்த முறை அழித்ததோடு சரி. பெயருக்குக் கீழே வெறுமையாக விட்டுவிட்டார். சட்டைகளும் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

“பீரோ காலியாத்தானே கெடக்குது?” என்பாள் அம்மா.

“இருக்கட்டும்” என்பார் அப்பா.

ரயிலுக்குக் காத்திருப்பவர் போலவே வீட்டில் இருந்தார். மறுபடி போய்விடுவாரோ என்று ஒன்பது வயது எனக்குப் பயம். ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வாங்கிய பெயிண்டை எடுத்துப் பெட்டியில் ‘விஷ்ராந்த்வாடி, புனே’ என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து பூட்டின்மேல் ஏறிவிட்டது.

அப்பா வந்து வெகுநேரம் பார்த்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ பெட்டியைத் திறந்து, சட்டைகளை அள்ளி அம்மாவிடம் கொடுத்தார். “பீரோவுல வை.”

இப்போது மண்ணெண்ணெய்த் துணியால் என் சட்டை முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன். “அன்னைக்கு ஏம்ப்பா என்னை அடிக்கல?”

“எழுத்துதான் கோணல், அட்ரஸ் சரி.”