உம்மாவின் பையில் பழைய பேப்பர்

உம்மா எங்கே போனாலும் அந்தப் பையும் கூடவே போகும். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, மீன் கடை, எங்கேயும். உள்ளே மன்னார்க் காணியின் உறுதிப் பத்திரம், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அகதி முகாமில் தந்த அட்டைகள். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது உடுத்த துணியோடு புத்தளம் வந்தவர் அவர். உறுதியின் பிரதி ஒன்றை எடுக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் சண்டை முடிந்தபின், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள தீவைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க என் கணவர் படகு பேசியபோதும் உம்மா முதலில் எடுத்து வைத்தது அந்தப் பையைத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடல்ல போறதுக்கு உறுதி எதுக்கு உம்மா? நனைஞ்சா?"

"நனைஞ்சாக் காய வைக்கலாம். வுட்டுட்டு வந்தா?"

பேசிப் பயனில்லை. விடியலில் அவர் சுபஹ் தொழும் நேரம் பார்த்து, காகிதங்களை எல்லாம் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பைக்குள் அதே கனத்துக்குப் பழைய பேப்பரைத் திணித்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு படகோட்டி சொன்னார்: "தீவுல நேவிக்காரன் நிப்பான். ஐசிய எடுத்து வச்சுக்கோங்க."

என் அடையாள அட்டை என்னிடம் இருந்தது. கணவருடையது அவரிடம். உம்மாவுடையது உறுதியின் மடிப்புக்குள் இருந்திருக்க வேண்டும். அதாவது, அலுமாரியில்.

யுத்த காலத்தில் ஒருமுறை ஐசியை மறந்து கொழும்புக்குப் புறப்பட்ட உம்மாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பின்னேரம் வரை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து சீருடையைக் கண்டாலே ஐசியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவரை வெறுங்கையோடு நேவிக்காரனிடம் கூட்டிப் போகிறேன். சொன்னால் நடுக்கடலில் படகைத் திருப்பச் சொல்வார். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வழியில், கடலடியில் பவளப் பாறையாய் விரிந்து கிடந்த முருகைக்கல்லுக்கு மேலே படகை நிறுத்தினார் படகோட்டி. பிள்ளைகள் தண்ணீருக்குள் பார்த்துக் கூச்சலிட்டார்கள். நானும் குனிந்தேன். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

தீவில் இறங்கியதும் கடற்படைக்காரர் ஒருவர் கொப்பியோடு வந்தார். உம்மா அவசரமாகப் பையைத் திறந்தார். பழைய பேப்பர். அடிவரை கையை விட்டார். அங்கும் பேப்பர். அவர் முகம் செத்துப் போயிற்று.

"நான்தான் எடுத்து வச்சன் உம்மா. ஐசி வீட்டுல இருக்கு" என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த மனிதரிடம் கெஞ்சத் தொடங்கினேன்.

"ஓன நே, அம்மே" என்று அவர் உம்மாவைப் பார்த்துக் கையசைத்தார். ஐசி வேண்டாமாம். அதெல்லாம் முந்தியாம். இப்போது வந்தவர்களின் தொகையை எழுதினால் போதுமாம். எழுதிக்கொண்டு, உம்மாவை நிழலில் போய் இருக்கச் சொன்னார்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. உம்மா என்னைத் திட்டவில்லை. பகல் முழுக்க என்னோடு கதைக்கவும் இல்லை. ஆனால் பொரித்த மீனோடு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகளோடு போய்க் கால் நனையத் தண்ணீரில் நின்றார்.

திரும்பும்போது படகு மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் முருகைக்கல்லை உண்மையில் பார்த்தேன். இலை விரிந்த முட்டைக்கோவாவைப் போல அடுக்கடுக்காக இருந்தது. அதற்குள் மஞ்சள் மீன்கள் போய் வந்தன. உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையில பாத்தீங்கதானே உம்மா?"

"எங்க பாத்தன்? பையத்தானே புடிச்சிட்டு இருந்தன்" என்றார். கொஞ்சம் கழித்து, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இனி என்ட சாமான்ல கை வைக்காத மகள். நானே வீட்டுல வச்சிட்டு வாறன்."