வால் இல்லாத பன்னிரண்டு டிராயிங்

1. ஷிப்மெண்டுக்கு முந்தின நாள்

அந்த ஃபோல்டரை இரண்டு தடவை புரட்டினேன். நாய் ஒன்று ஓடி வந்து திரும்பி நிற்கும் சீன். பதினேழாவது தாளிலிருந்து நாய்க்கு வால் இல்லை. பன்னிரண்டு தாளில் இல்லை. கால், முகம், நாக்கு எல்லாம் பிசகாமல் இருந்தன. தாளின் ஓரத்தில் வர வேண்டியது மட்டும் வரவில்லை.

சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் நான் செக்கர், வரைந்த தாள்களைச் சரிபார்க்கிறவன். வெளிநாட்டு டிவி கார்ட்டூன்களுக்கு முக்கியமான போஸ்களை அங்கேயே வரைந்து அனுப்புவார்கள். ஒரு போஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள அசைவுகளை நாங்கள் வரைவோம். அதற்கு இன்பிட்வீன் என்று பெயர். நீங்கள் பள்ளி விட்டு வந்து பையைக் கழற்றாமல் பார்த்தீர்களே, அதில் ஓடியதும் விழுந்ததும் பாதி எங்கள் கை. டைட்டிலில் எங்கள் பெயர் வராது.

ஃபோல்டர் அண்ணாமலையுடையது. ஜவ்வாது மலைக்காரன். நான் அடிவாரத்துப் படவேடு. எங்கள் ஃபுளோரில் அவனளவு சுத்தமாகக் கோடு இழுக்க ஆள் இல்லை. கூப்பிட்டுக் காட்டினேன். தாளை முகத்துக்கு நேரே தூக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தான்.

"தூக்கம் இல்லணா. கவனிக்காம வுட்டுட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லிடாத."

மேனேஜர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். "யாருக்கு ரீடேக் அதிகமோ, பேர் எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் ஆளக் குறைக்கப் போறோம்."

திரும்ப வரையச் சொல்லி நான் ரீடேக் எழுதவில்லை. அடியில் விளக்கு எரியும் லைட் டேபிளில் உட்கார்ந்து பன்னிரண்டு வாலையும் நானே வரைந்து, ஓகே போட்டு அனுப்பினேன்.

2. ஏழெட்டு மாதம்

ஆள் குறைத்தார்கள். அண்ணாமலை தப்பினான். ஆனால் தப்பு நிற்கவில்லை. ஓரத்தில் ஒரு கை இருக்காது, தொப்பியின் நுனி இருக்காது. நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன். ஒருத்தனைக் காப்பாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

பக்கத்தில் வைத்த டீ டம்ளரைத் தட்டிவிடுவான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். "இன்னாடா, காலையிலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று ஃபுளோரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

கண்ணைக் காட்டச் சொல்லலாமா என்று ஒருநாள் தோன்றியது. லீவு போட்டால் மேனேஜர் காரணம் கேட்பார், விஷயம் வெளியே வரும், நான் போட்ட ஓகேயும் சேர்ந்து வரும். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் ஸ்டுடியோ வாசலில் ரோட்டைக் கடக்கும்போது, பக்கவாட்டில் வந்த ஆட்டோ அவனை இடித்தது. காலில்தான் அடி. ஆனால் ஆஸ்பத்திரியில் கண்ணையும் சோதித்தார்கள்.

"கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. பக்கத்துப் பார்வை போய் ரொம்ப நாளாயிருக்கு," என்றார் டாக்டர். "போனது திரும்பாது. முன்னாடியே வந்திருந்தா சொட்டு மருந்துலயே தடுத்திருக்கலாம். கூட வேலை செய்யறவங்க யாரும் கவனிக்கலையா?"

கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அண்ணாமலை வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான்.

3. மலைக்குப் போனது

ரிட்டையர் ஆன பிறகு, போன வருஷம், அந்த நாய் என் போனில் வந்தது. யாரோ பழைய கார்ட்டூனை வெட்டிப் போட்டிருந்தார்கள். 'எங்க குழந்தைப் பருவமே இதுதான்' என்று கீழே ஏகப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் போளூர் போய் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து அவன் ஊருக்கு ஷேர் ஆட்டோ.

அவன் மனைவி பாக்கியம் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். "வூட்லதான் கீறாரு. போங்க."

அவனுக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டான். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நம்ம நாய் போனில் வந்ததைச் சொன்னேன்; அந்த சீனைப் போடச் சொன்னான்.

"நாயி நல்லா ஓடுதாணா?"

"ஓடுதுடா."

"இன்னும் பாக்குறாங்களா?" சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. வால் வரைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்ணு போறது உனக்கு அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எத்தினி நாளா?"

"ஏழெட்டு மாசம்."

வெளியே புளி தட்டும் சத்தம் நின்றது. அண்ணாமலை கையை எடுத்துக்கொண்டான்.

"வேலை போயிருந்தா வேற வேலை பாத்திருப்பேன்ணா."

முகத்தை வாசல் பக்கம் திருப்பினான். "பாக்கியம், அண்ணன ரோடு வரைக்கும் வுட்டுட்டு வா," என்றான்.

ரோடு வரை அவர் கூட வந்தார். ஆட்டோ நின்றதும் சொன்னார்: "எங்க சின்னப் பொண்ணு மூஞ்ச அவரு பாத்ததே இல்லீங்க."

இப்போது கம்ப்யூட்டரில் இந்த வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலையில் ஒரே மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வந்தால், மறைவாகத் திருத்திக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று கேளுங்கள். அவருக்குக் கோபம் வரட்டும். வேலையே போனாலும் போகட்டும்.

மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். பாக்கியம்தான் எடுக்கிறார். அண்ணாமலையைக் கேட்டால், "அவரு தூங்குறாருங்க" என்கிறார். பகல் பதினோரு மணிக்கும் அதையேதான் சொல்கிறார்.