எக்ஸ்ரே அத்தையும் நிறம் மாறாத தண்ணீரும்

வீட்டு நீச்சல் குளத்துக்குக் குளோரின் மருந்து போட வருகிறவர் கேனில் வெறும் தண்ணீரைத்தான் கொண்டுவருகிறாராம். எதிர்வீட்டு டிரைவர் சொன்னதாகத் தங்கை போனில் சொன்னதுமே அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் துருவிப் பார்ப்பது அவள் வேலை. அதனால் குடும்பத்துக்கே அவள் எக்ஸ்ரே அத்தை. ரொட்டிப் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். கணவரோ மூட்டுவலிக்காக நாள் தவறாமல் அந்தக் குளத்தில்தான் கிடக்கிறார். கிருமி கிருமி என்று மனசு அடித்துக்கொண்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அரை வாளி குளோரின் பொடியைத் தானே கொட்டினாள்.

மறுநாள் சோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்து மாத்திரையைப் போட்டாள். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறவேண்டும். ஊஹூம், பளிங்குபோல அப்படியே நின்றது. பொடியும் அந்த ஆள் கொடுத்ததுதானே, அதில் மட்டும் வீரியம் இருக்குமா! மிச்சத்தையும் கொட்டினாள்.

"கேன்ல இருக்கறது மருந்தா, மந்திரமா?" என்று மருந்து போட வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தாம்மா போட்டேன். நடுவுல நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?"

"பழியை என் தலையிலயே கட்டறியா? நாளையிலருந்து வராதே!"

அதோடு விட்டாளா? அந்தத் தெருவில் அவரை வைத்திருந்த மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள். அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

மத்தியானம் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கரையேறினார். கருநீல டவுசர் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

"துணிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள்.

"மூணு வருஷமா இதைத்தான்டி போடறேன்! நீ சந்தேகப்படாத ஆளு இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"யாரு?"

"நீதான்."

அவள் காதில் வாங்கவில்லை. இப்போது சந்தேகம் மாத்திரை மேல். நிறம் வராவிட்டால் நல்ல தண்ணீர் கலந்து பார்க்கச் சொல்லி அதன் டப்பாவில் பொடியெழுத்தில் போட்டிருந்தது. குழாயில் கொஞ்சம் குளத்து நீர் எடுத்து, இந்தத் தடவை சமையலறை வடிகட்டித் தண்ணீரால் நிரப்பி, மாத்திரையைப் போட்டாள். குப்பென்று சிவந்தது. வடிகட்டித் தண்ணீரை மட்டும் தனியாகச் சோதித்தாள். அது மாறவே இல்லை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குளத்தில் குளோரின் இல்லாமல் இல்லை, தாங்கமுடியாத அளவுக்கு இருக்கிறது. டவுசரை வெளுத்ததுபோலவே மாத்திரையின் நிறத்தையும் அது வெளுத்துத் தள்ளியிருக்கிறது.

"யாரும் இறங்காதீங்க!" என்று கத்திவிட்டு, மருந்து போடுகிறவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

"வேணும்னே எடுக்காம இருக்காரோ?"

"நீயா இருந்தா எடுப்பியா?" என்றார் கணவர், கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டே.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.