ஆற்றில் தண்ணீர் விட்ட கதை

தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் எனக்குக் கேமரா தெரியாது, ஃபோட்டோஷாப்பும் தெரியாது. எம்.ஏ. ஆங்கிலம் மட்டும் தெரியும். அதற்கென்று ஒரு வேலை வந்தது போன வருஷம்தான்.

முதலாளி அண்ணாச்சியின் மருமகன் ஆஸ்திரேலியாவில் நர்ஸ். கோதுமை வயல்களுக்கு நடுவே, எங்கள் பக்கத்து மேலகரத்தில் பாதிகூட இல்லாத ஓர் ஊர். அதற்கும் ஒரு வரலாற்றுச் சங்கம் உண்டு. அதன் தலைவி ஜோன் என்ற முதிய பெண்மணி ஊரின் பழைய படங்களைச் சரிசெய்ய ஆள் தேடினார். மருமகன் எங்களைச் சொல்ல, மாதிரிக்கு ஒரு படம் வந்தது. பிடித்தால் பெட்டி முழுவதும் எங்களுக்கு. கல்யாண ஆர்டர் குறைந்து, கடையைக் காலி செய்துவிடலாமா என்று அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

படத்தில் வறண்ட ஆற்றுக்குள் ஒரு கிரிக்கெட் அணி. ரீடச்சிங் செய்யும் செல்வி கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, ஆறு காஞ்சு கெடக்கு? தண்ணிய விடு."

"ஆளுவ முட்டி வரைக்கும் முங்கிருவாங்களே அண்ணாச்சி."

"முங்கட்டும். குத்தாலத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு காஞ்ச ஆத்தயாட்டி அனுப்புவ?"

சீசன் பொய்த்த வருஷங்களிலும் கல்யாண ஆல்பத்தில் அருவியைக் கொட்டவைத்த கடை இது. செல்வி தண்ணீர் விட்டாள். நான் பணிவான ஆங்கிலத்தில் ஈமெயில் அனுப்பினேன்.

ஜோன் வீடியோ காலில் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

மழை பொய்த்து, ஊரில் பாதிப் பேர் கிளம்பிப் போன வருஷமாம். மிச்சமிருந்தவர்களில் அணிக்குப் பதினொரு பேர் தேறவில்லை. பாதிரியாரையும் பேக்கரிக்காரர் மனைவியையும் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்குள்ளேயே ஆடியிருக்கிறார்கள். நாங்கள் போகமாட்டோம் என்று காட்டத்தான் அந்தப் படம்.

"ஓரத்தில் நிற்பவர் என் அப்பா. தன் பூட்ஸைப் பந்து வீசுகிறவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார். அந்தக் கால்களைத் தண்ணீர் மூடிவிட்டது" என்றார் ஜோன்.

அண்ணாச்சி பழைய படத்தைத் திறக்கச் சொல்லி அந்தக் கால்களைப் பார்த்தார்.

"கொதிக்கிற மண்ணுல வெறுங்காலோட வெளையாடிருக்காரு. என்ன சனம்வே!" என்றார் என்னிடம். பிறகு, "செல்வி, தண்ணியப் பூரா வடிச்சிரு."

வடித்தாள். மண்ணின் வெடிப்புகளையும் அந்த மனிதரின் கால்விரல்களையும் துல்லியமாக்கினாள். பெட்டி வந்தது. கடை இருக்கிறது, என் எம்.ஏ.வுக்கும் சம்பளம் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: படத்தில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கும் முன், அதை எதற்காக எடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வரலாற்றுப் புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போட்டதே அந்தக் காய்ந்த ஆற்றைத்தான்.

அதையே அண்ணாச்சியும் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, ஆத்துல பொட்டுத் தண்ணி இல்ல?" என்று கேட்காத கஸ்டமர் இல்லை.

"கெடந்துச்சு. நாங்கதான் வடிச்சோம்" என்பார்.