வைரத்தில் ஒட்டிய மாம்பழ நார்

நேற்று மத்தியானம் பல்லிடுக்கில் ஒரு மாம்பழ நார் சிக்கிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன், நகத்தால் இழுத்தேன், கடைசியில் ஊக்கைக் கையில் எடுத்தேன். வீட்டுக்காரர் முறைத்ததும் கீழே வைத்துவிட்டேன். நசீமா அனுப்பிய நாட்டுப் பழம். வருஷம் தவறாமல் பெட்டி வந்துவிடும். ஏன் அனுப்புகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. பழம் வந்தால் தின்பேனா, யோசிப்பேனா?

நாங்கள் இரண்டு பேரும் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வைரப் பட்டறையில் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் நடுவில். நான் உத்தனப்பள்ளியில் பஸ் ஏறுவேன். அவள் ராயக்கோட்டையிலிருந்தே எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வருவாள். அவள் அப்பா மாம்பழ வியாபாரி. பைக்குள் பழம் இல்லாமல் அவளைப் பார்த்ததாக நினைவில்லை. அந்த வாசனையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு அவள் சீட்டைக் கண்டுபிடிக்கலாம்.

நசீமா கல்லில் கோடு போடுகிறவள். கச்சாக் கல்லை லூப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்து, உள்ளே எங்கே கறுப்புப் புள்ளி, எங்கே விரிசல் என்று கண்டுபிடித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று மையால் கோடு இழுப்பாள். நான் கிருஷ்ணகிரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த மேதாவி. 'அல்காரிதம்' என்ற சொல்லைப் பட்டறையில் முதலில் உச்சரித்தவள் நான்தான் என்பதில் அப்போது எனக்கு இருந்த கர்வத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வெட்டுவதற்குத் திட்டம் போட்டுத் தரும் இரண்டு புரோகிராம்கள் மூன்று வாரச் சோதனைக்கு வந்திருந்தன. கல்லைச் சுழற்றிப் படம் பிடிக்க ஒரு பெட்டியும் கூட வந்தது. முதல் புரோகிராம் வெளிவடிவத்தை மட்டும் பார்க்கும். அதற்குள் எவ்வளவு பெரிய வைரத்தைத் திணிக்கலாம் என்று ஆயிரம் விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். நசீமா அதற்குப் 'பேராசை' என்று பெயர் வைத்தாள். இரண்டாவது கொஞ்சம் மந்தம். குறை எங்கே என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னால்தான், அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் திட்டம் போடும். அது 'மகராசி'.

எதை வாங்குவது என்று நான் எழுதித் தர வேண்டும். மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்தே சொன்னார்: "பேராசை சரியா வந்தா கோடு போட ஆள் வேணாம்மா. நசீமா சாணைப் பக்கம் போயிடட்டும்."

கல்லைத் தேய்த்துப் பட்டை தீட்டும் சாணை ஹாலில் நாள் முழுக்கத் தூசி. நசீமாவுக்கு இளைப்பு. அடுப்பில் மிளகாய் தாளித்தாலே அரை மணி நேரம் மூச்சுக்குத் திண்டாடுவாள். அங்கே அவள் ஒரு மாதம் தாங்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கோளாறு என்னவென்றால், உள்குறையைப் பார்க்காவிட்டாலும் மொத்தக் கணக்கில் பேராசை நன்றாகத்தான் வேலை செய்தது. பொய் எழுத எனக்கு மனசும் வரவில்லை, உண்மை எழுதக் கையும் வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். என் நெற்றியில் வேனல் கட்டி. மாம்பழம் பக்கமே போகக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. நசீமா வேண்டுமென்றே ஒரு பழத்தை எடுத்து அதன் மேல் மையால் கோடு போட்டாள்.

"ஏ புள்ள, கொட்டைதான் குறை. உன் பேராசைய வெட்டச் சொல்லு பாப்போம். கொட்டையோட சேத்து முழுங்கும்!"

என் கண்ணெதிரிலேயே சப்புக் கொட்டித் தின்றாள். பாவி.

சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் வந்தார், பேராசையை விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு வந்தார். நசீமா கல்லைத் துடைத்துக் கொடுத்தாள். நான் பிசின் வைத்துத் தண்டில் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். திரையில் கல் மெல்லச் சுழன்றது. ஒரு பக்கம் கொம்பு மாதிரி எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது. பேராசை விடுமா? அந்தக் கொம்பையும் சேர்த்துப் பெரிய வைரமாகத் திட்டம் போட்டுவிட்டது.

"ஏனம்மா இது, கல்லுல கொம்பு? பேகா, சீக்கிரம் பாரும்மா," என்றார் மேனேஜர். பதற்றத்தில் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். அன்றைக்கு மூக்குக் கண்ணாடியையும் மறந்துவிட்டு வந்திருந்தார்.

நசீமா முதலில் லூப்பில் பார்த்தாள். லூப்பையும் கல்லையும் என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். மஞ்சளாக, சதையோடு ஒரு மாம்பழ நார்! அடிப்பாவி, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இவளே ஒட்டிவிட்டாளே என்று நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி படம் பிடித்தால் இரண்டே நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் துப்பட்டா நுனியால் நாரை நைசாக எடுத்துவிட்டு, "கல்லுல ஒண்ணும் இல்ல சார். புரோகிராம்தான் இல்லாத வைரத்தக் காட்டுது," என்றேன்.

டை கட்டியவர் முகம் வெளுத்தது. அவர் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும். மகராசியை வாங்கினார்கள், அதற்குக் குறை பார்த்துச் சொல்ல நசீமா தன் நாற்காலியிலேயே இருந்தாள்.

அன்று பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நீ செஞ்சத நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன் புள்ள." நான் நாரை மறைத்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நேற்று, நார் ஒருவழியாக வெளியே வந்த சந்தோஷத்தில், போனைப் போட்டேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏண்டி, அந்த நார வேணும்னேதான ஒட்டின?"

"நானா? நான் சோப்பு போட்டுல்ல கை கழுவினேன்! எனக்காக நீதான் என் டப்பாவுலருந்து எடுத்து ஒட்டினன்னு நெனச்சிட்டிருக்கேன். அதுக்குத்தான வருசா வருசம் பழம் அனுப்பறேன்!"

சோப்புக்கும் தப்பி அவள் நக இடுக்கில் தங்கிய நார் தற்செயலாகக் கல்லில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேரும் மற்றவளைத் திருடி என்று நம்பி, அதற்காகவே இத்தனை காலம் பிரியமாக இருந்திருக்கிறோம். போனில் இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இளைப்பே வந்துவிட்டது.

பட்டறை என்றைக்கோ மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பேராசையும் போயிற்று, மகராசியும் போயிற்று. இன்றைய இயந்திரம் கல்லின் வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடுகிறதாம். நாற்காலி போட்டு யாரும் உட்கார வேண்டியதில்லை. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் நானும் நசீமாவும் சேர்ந்து செய்த அந்த ஒரே ஒரு திருட்டு இருந்ததே, நேற்றோடு அதுவும் இல்லாமல் போய்விட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.