குருவித் தலைக்கு ஒரு திருகு

மோதிர விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம், ஒரு நொடி கண்மூடல். அப்புறம்தான் நரசிம்மலு செய்த உருப்படி வாடிக்கையாளர் கைக்கு வரும். என் வீட்டு மோட்டாருக்குக் கடைந்த புஷ் என்கிற குட்டி வளையத்துக்கும் அதே மரியாதை நடந்தது. "பொட்டு வெக்காம நம்ம பட்டறைல இருந்து ஒண்ணும் வெளிய போவாதுங்க."

சிங்காநல்லூர் குளத்துக்குப் போகும் சந்தில் ஒரு தகரக் கொட்டகை, இரும்பு கடையும் லேத்துகள் இரண்டு. வயது நாற்பத்தாறு, காதில் பென்சில். வீட்டில் தெலுங்கு, வெளியில் கோவைத் தமிழ். லேத்திடம் மட்டும் இரண்டும் கலந்த ஒரு பாஷை. கையில் எது கிடைத்தாலும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பேக்கரியில் ஒருமுறை டீ டம்ளரைத் தடவிவிட்டு, "பிசிறு இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த மனிதர் ஒரு வருஷமாகக் குருவிகளுக்கு வேலை செய்கிறார் என்றால் நீங்களும் என்னைப் போலச் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள்.

சண்முகப்பிரியா கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளையைப் பற்றி ஆராய்கிறவர். பறவைக் கடைகளில் பிஞ்சஸ் என்று விற்பார்களே, ஆரஞ்சு அலகுக் குருவி, அது ஒரு விநாடிக்குள் தன் பாட்டைப் பாடி முடிக்கிறது. நூறு தடவை பாடினாலும் சுர வரிசை இம்மி பிசகுவதில்லை. அந்த வரிசையை மூளை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? கண்டுபிடிக்க, குருவி பாடும்போதே ஒற்றை மூளைச் செல்லை ஒட்டுக்கேட்க வேண்டும். மயிரைவிட மெல்லிய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் செல்லைத் தேடும் ஒரு திருகுச் சாதனம் குருவித் தலையில் உட்கார வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்தது கனம். அதைச் சுமந்த குருவி வாயே திறக்கவில்லை. பம்ப்செட் செய்யும் ஊர்ப் பெண்ணல்லவா, நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

நரசிம்மலு கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க அம்மணி, அந்தக் குருவிக்குள்ள கேம் ஷாப்ட் எங்க இருக்குது?" எஞ்சினில் வால்வுகளை வரிசை தப்பாமல் திறந்து மூடும் தண்டு அது.

"தண்டே இல்லீங்ணா. கொஞ்சம் செல்லு துடிச்சு அடுத்த செல்லுகளக் கெளப்பி உடுது, அது அதுக்கடுத்தத. அப்படித்தான் நெனைக்கறோம். ஒவ்வொரு செல்லும் பாட்டுக்கு ஒரே தடவதான், அதே எடத்துலதான் பேசும்."

"எத்தன துல்லியமுங்க?"

"ஒரு செகண்ட ஆயிரமாப் பிரிச்சா, அதுல ஒண்ணு முன்னப்பின்ன."

"அடேங்கப்பா! இரும்புல மைக்ரான், மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா ஒண்ணு, அதப் புடிக்கறதுக்கே எங்களுக்கு நாக்குத் தள்ளுது. இது நேரத்துல மைக்ரான் புடிக்குதுங்களா!"

அன்று அவர் மத்தியானச் சோற்றை மறந்தார். என்னிடம் மட்டும் இதை நான்கு தடவை சொல்லியிருக்கிறார். நான்கு தடவையும் வாயைப் பிளந்தேன், நடிப்பில்லை.

ஐந்து வாரத்தில் சாதனம் தயார். நகைக்கடைத் தராசில் எடை போட்டார்: ஒன்றேகால் கிராம். தலையில் சுமந்த குருவி நான்காம் நாள் பாடவும் பாடியது. ஆனால் திருகு பாதியில் நின்றுவிட்டது. கம்பி செல்லை எட்டவில்லை. சாதனத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. சோதனைக்கு அனுமதி கிடைத்த குருவிகளில் மீதி ஒன்றுதான். அதுவும் தவறினால் சண்முகப்பிரியாவின் மூன்று வருஷ உழைப்பு வீண்.

நரசிம்மலு பூதக்கண்ணாடி வைத்துப் பிரித்துப் பார்த்தார். திருகின் மரையில் மஞ்சளாகத் தூள். எடை போட்டு முடித்த பிறகு, மூடிக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாமல் அவரே ஊசிமுனையால் வைத்த சந்தனப் பொட்டு. காய்ந்து உதிர்ந்து திருகைப் பிடித்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே ஆய்வுக்கூடம் போனார்.

"தப்பு என்னுதுங்க அம்மணி. பொட்டு வெச்சுப்போட்டேன்."

சண்முகப்பிரியா திருகை வாங்கி மரையைப் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு செஞ்சு குடுங்ணா. பொட்டில்லாம" என்றார்.

எளிதில்லை. துணியால் துடைத்து முடித்ததும் அவர் மோதிர விரல் தானாகவே சந்தனக் கிண்ணத்துக்குப் போகிறது. "பாருங்க, ஒரு வேல அடுத்த வேலயக் கெளப்பி உடுது. எனக்குள்ளயும் அந்தக் குருவிதானுங்க!" என்று அவரே வியந்துகொண்டார். இரண்டாவது சாதனத்தை மோதிர விரலில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு செய்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, என்னையும் கூட்டிப்போனார். கடைசிக் குருவி. அது பாடியது, கம்பி கேட்பதை ஒலிக்கும் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். சண்முகப்பிரியா அதைக் கையில் எடுத்து, திருகைக் கால் சுற்றுத் திருப்பி, கூண்டில் விட்டார். இந்தத் தடவை திருகு எங்கும் பிடிக்காமல் சுற்றியிருந்தது. மறுபடி பாட்டு, மூன்றாவது சுரத்தின் நுனியில் ஸ்பீக்கர் "டர்ரக்" என்றது. அடுத்த பாட்டு. மூன்றாவது சுரம், "டர்ரக்". எனக்குப் புல்லரித்தது. சண்முகப்பிரியா அழுதுகொண்டே சிரித்தார்.

நரசிம்மலு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். சந்தனத் தூளில் தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தார். "ஸ்பீக்கர்ல வெச்சா ஒண்ணும் புடிச்சுக்காதுங்களே?" சண்முகப்பிரியா சம்மதமாகத் தலையாட்டினார். நரசிம்மலு மோதிர விரலை ஸ்பீக்கருக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். குருவி தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று; "டர்ரக்" என்ற அதே கணத்தில் பொட்டை வைத்தார்.