சித்தியின் விரதங்கள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் கோழிக்கறி நின்றுபோனது. காரணம் முருகன் என்றார்கள். நானும் நம்பி, அவரிடம் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன்.

கிள்ளானில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. ஒரு மத்தியானம் அம்மா போர்ட் கிள்ளான் போய்த் தன் தங்கையைக் கூட்டிவந்தாள். சித்திக்கு இருபத்திரண்டு வயது, உதடு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அந்தக் குளியலறையில் சித்தி வழுக்காத மாதமே கிடையாது. சித்தப்பாவுக்குக் கன்டெய்னர் லோரி ஓட்டும் வேலை. தூக்கத்தை விரட்ட அவர் போடும் மாத்திரையைச் சித்திக்கும் பழக்கிவிட்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கே அம்மா சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். தங்கை தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள், விரதக்காரி புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது, அதனால் இங்கேயே இருக்கட்டும் என்றாள். சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். லோரிக் கண்ணாடியில் பெரிய வேல் ஒட்டியிருந்த பக்திமான் அவர். பெண்டாட்டியை அடிக்க யோசிக்காத மனிதர், மஞ்சள் சேலையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவார்.

எனக்கோ சித்தியின் விரதத்தில் பலத்த சந்தேகம். பகலெல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். எழுந்தால் சோறு, மறுபடி சோறு. சில நேரம் காரணமில்லாமல் கத்தினாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாத்திரையை விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விரதமென்றால் ஒருவேளைச் சாப்பாடுதானே என்று கேட்டதற்கு, அம்மா என் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

ஒரு சனிக்கிழமை, வெளி நடையில் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா படியேறி வந்தார். கண் சிவந்திருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாளாம். விரதம் பொய் என்று தெரிந்தால் அவர் சித்தியை முடியைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார். எனக்கு அது தெரியாது. அவர் குனிந்து, ரகசியம்போல் கேட்டார்.

"நெசமாவே விரதந்தானா? வீட்டுல கோழி கீழி ஆக்குறாங்களா?"

அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த துக்கமெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கோழியும் இல்ல, மீனும் இல்ல சித்தப்பா. தினமும் அந்த வெள்ளைச் சோயாக்கட்டி, தவுதான். நீங்களாச்சும் அம்மாகிட்ட சொல்லுங்க லா."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். சித்தப்பா கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே இறங்கிவிட்டார். உள்ளே போனால் அம்மாவும் சித்தியும் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் தண்ணீர் வர. என் அழுகையில் அப்படி என்ன வேடிக்கை என்று எனக்குக் கோபமான கோபம்.

தைப்பூசம் வந்தது. சித்தி உண்மையாகவே பால்குடம் எடுத்தாள். அப்பாடா, விட்டது என்று நினைத்தேன். எங்கே! அம்மா உடனே சித்திக்காகப் பங்குனி உத்திரத்துக்கு நேர்ந்துகொண்டாள். அது முடிந்ததும் சித்ரா பௌர்ணமி. இத்தனை சாமிக்கு எங்கள் வீட்டில் என்ன கடன் என்று நொந்துபோனேன். இதற்கிடையில் சித்தி தூங்குவது குறைந்து, பங்சாரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அப்புறம் ஒரு நாள், அம்மாவும் சித்தியும் காலையிலேயே கோர்ட்டுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அம்மா கையில் ஒரு முழுக்கோழி. அன்று நல்ல நாளுமில்லை, பண்டிகையுமில்லை. வீடெல்லாம் மசாலா மணம். சித்தி மஞ்சள் சேலையை மடித்துவைத்துவிட்டு, தொடைக்கறியை ரசித்துக் கடித்தாள்.

நான் கேட்டேன், "இப்ப எந்தச் சாமி விரதம் முடிஞ்சுது சித்தி?"

"எல்லாச் சாமிக்கும் முடிஞ்சிருச்சு. இது எனக்கு."

இப்படிப் பேசினால் சாமி குத்தமாகிவிடுமே என்று பயந்தேன். அம்மாவோ அவளைத் திட்டாமல் இன்னொரு துண்டை அவள் தட்டில் வைத்தாள். யாராவது மன்னிப்புக் கேட்கவேண்டாமா? நான் போய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் சித்திக்காக மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்து, மிச்சக் கோழியைத் தின்றேன்.